நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் டஸ்டர் காருக்கு ஷாக் அப்சார்பர், டயர்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒற்றியூர் பயணி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டின் ரெனோ டஸ்டர் டீசல், முன்சக்கர இயக்கம் கொண்டது. இதுவரை 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாகத் திருவொற்றியூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நாள்தோறும் போய் வருகிறேன். ஒரு நடைக்கு ஏறக்குறைய 45 கி.மீ. அதே தொழிற்சாலையில் பணிபுரியும் மூவர் என்னுடன் வருவதால், வண்டியில் எப்போதும் நான்கு பெரியவர்களின் எடை இருக்கும்.

போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாக டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையில் சென்று, பஞ்செட்டியில் தேசிய நெடுஞ்சாலை 16இல் ஏறுகிறேன். முதல் பாதியில் கண்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்திச் சாலை அலை அலையாகக் கிடக்கிறது. பிற்பாதியில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் தடையின்றிச் செல்லலாம். ஆக, ஒரே பயணத்தில் வண்டி இரண்டு விதமான வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது நான் கவனிப்பவை இவை. நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது பின்பகுதி ஒருமுறை ஏறி இறங்கி அடங்காமல், இரண்டு மூன்று முறை ஆடிய பிறகுதான் நிலைக்கு வருகிறது. பிரேக் பிடித்தால் முன்பகுதி முன்னைவிட அதிகமாகத் தாழ்கிறது. 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம் எழுகிறது. ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. ஷாக் அப்சார்பர்கள் நான்கும் வண்டியோடு வந்தவை, ஒருமுறைகூட மாற்றியதில்லை. டயர்கள் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போட்டவை, 58,000 கி.மீ. ஓடிவிட்டன. அளவு 215/65 ஆர் 16, பக்கச்சுவரில் 98 ஹெச் என்று இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் வண்டி இரண்டு நாள் சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீரில் நின்றது. அந்த ரீங்காரத்துக்கு வீல் பேரிங் காரணமாக இருக்குமோ என்ற ஐயமும் அதனால் எனக்கு உண்டு.

என்னால் இப்போது 65,000 ரூபாய் வரை செலவிட முடியும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட விரும்புகிறேன். ஷாக்கை முதலில் மாற்றுவதா, டயரையா? சாலை மோசம் என்பதால் சற்றுக் கடினமான ஷாக்கும் ஆல் டெரெய்ன் டயரும் போடும்படி ஒரு நண்பர் சொல்கிறார். 17 அங்குல அலாய்க்கு மாறிவிடும்படி இன்னொருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை டயர்க்காரர்:

வணக்கம் சார். எதையும் வாங்குவதற்கு முன்பு உங்கள் பழைய டயரைப் படியுங்கள். வண்டியின் அடிப்பகுதியில் என்ன கோளாறு இருக்கிறது என்பதை அது 58,000 கிலோமீட்டராக எழுதி வைத்திருக்கிறது. டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் கையைவிட்டுப் போய்விடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, முன்டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து, வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பு நோக்கித் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே தடவுங்கள். ஒரு பக்கமாகப் போகும்போது வழவழப்பாகவும், திரும்பி வரும்போது கொடுவா மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவியதுபோல் சொரசொரப்பாகவும் இருந்தால், அது டோ அளவு தவறியதன் அடையாளம். அதாவது, சக்கரம் நேராக உருளாமல் சிறிது பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது.

பின்டயரில் பார்க்க வேண்டியது வேறு. அங்கே டயரின் சுற்றுப்பாதை நெடுகக் கையை ஓட்டுங்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளியில் மேடும் குழியும் மாறி மாறித் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டி உருளாமல் தாவித் தாவிப் போயிருக்கிறது என்று பொருள். ஷாக் ஓய்ந்த வண்டிகளில் நான் வாரந்தோறும் பார்ப்பது இது. முன்சக்கர இயக்க வண்டிகளில் பின்பக்கம் எடை குறைவு. டயரை இடம் மாற்றாமலே ஓட்டினால் இந்தத் தேய்மானம் இன்னும் விரைந்து வரும்.

ரீங்காரத்துக்கும் எளிய சோதனை இருக்கிறது. சாலை காலியாக இருக்கும் நேரத்தில், 60 கி.மீ. வேகத்தில் நீண்ட வளைவுகளில் வலமும் இடமுமாகத் திரும்பிப் பாருங்கள். எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். திருப்பத்துக்கு மாறாமல், தாரிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது மட்டும் சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர்தான்.

ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடங்களில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். பக்கச்சுவரில் உள்ள, டயர் செய்த தேதியைக் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மழை வருவதால் டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் அளவு தெரிந்த பிறகு பேசுவோம்.

மாதவரம் பட்டறை:

டயர்க்கார அண்ணன் சொன்ன சோதனைகள் எல்லாமே சரி. வரிசையில் மட்டும் நான் அவரோடு மாறுபடுகிறேன். 22 ஆண்டுகளாகச் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். ஓய்ந்த ஷாக்கின் மேல் போட்ட புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மேடுபள்ளமாகி மறுபடியும் கத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது வாடிக்கையாளர் டயர் நிறுவனத்தைத் திட்டுவார். பாவம், டயர் மேல் எந்தக் குற்றமும் இராது.

ஷாக் என்ன வேலை செய்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருப்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை உள்ளே இருக்கும் ஆயிலைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி, வெப்பமாக மாற்றி அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆகவே, நான்கு பேர் ஏறுகிறார்கள் என்பதற்காகக் கடினமான ஷாக் போட்டால் வண்டி கூடுதல் எடையைத் தாங்கிவிடாது. வண்டி தாழ்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, இடமும் வலமும் ஒத்துப்பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும்.

கடற்கரையோரம் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து வண்டிகளில் ஸ்பிரிங் உட்காரும் தட்டில் மண்ணும் உப்பு ஈரமும் சேர்ந்து துரு ஏறிவிடும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அந்தத் தட்டுக்குள் உடைந்துபோய், வெளியே தெரியாமல் உட்கார்ந்திருந்த வண்டிகளைக் கழற்றியிருக்கிறேன். ஷாக்கை இறக்கும்போது அந்தத் தட்டையும் கடைசிச் சுற்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கும்படி சொல்லுங்கள்.

இனி தேர்வு. உங்கள் பயணத்துக்குப் பொருத்தமானது, வண்டியோடு வந்த அதே அளவீட்டில் செய்யப்பட்ட, வாயு நிரப்பிய இரட்டைக்குழாய் ஷாக். ஒற்றைக்குழாய் வகையில் ஆயில் சூடானாலும் ஆறுவது வேகமாக நடக்கும், நீண்ட மலைப்பாதைக்கும் கடுமையான ஓட்டத்துக்கும் நல்லது. ஆனால் அதில் வாயு அழுத்தம் அதிகம், சிறு அதிர்வுகூட இருக்கைக்கு வந்து சேரும், விலையும் கூடுதல். மீஞ்சூர் சாலையில் காலையும் மாலையும் அது உங்கள் நால்வரின் இடுப்பையும் பதம் பார்க்கும். மேலும், ஒற்றைக்குழாயின் வெளிச்சுவரில்தான் பிஸ்டன் நேராக ஓடுகிறது; ஒரு கல் தெறித்து ஆழமாக ஒடுக்கு விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாயில் வெளிக்குழாய் கவசம்போல் இருக்கும்.

வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் உதிரிபாகமோ, கேப்ரியல், மன்ரோ, கே.ஒய்.பி. போன்ற நிறுவனங்களில் உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே உள்ள எண்ணோ கிடைத்தால் போதும். சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடினால் கிடைக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிரித்து ஆயில் ஊற்றி மறுபடியும் ஒட்டிய ஷாக் மலிவாகக் கிடைக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் நெடுஞ்சாலை வண்டிக்குப் போட வேண்டாம்.

ஷாக்கோடு சேர்த்து மாற்ற வேண்டியவற்றில் சிக்கனம் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முன்பக்கம் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் தாங்கி), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுவதும் அமுங்கும்போது மோதாமல் தடுக்கும் கட்டை), தூசு உறை ஆகிய அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். 1,38,000 கி.மீ. ஓடிய பழைய மவுண்டின் ரப்பர் அமுங்கிப்போயிருக்கும். புது ஸ்ட்ரட்டை அதில் மாட்டினால் பத்தே நாளில் டக் டக் என்று சத்தம் வரும். அதைச் சரிசெய்ய மறுபடியும் முழுவதையும் இறக்க வேண்டும், கூலியும் இரட்டிப்பாகும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் பகுதியில் உள்ள லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு மூன்றையும் அப்போதே ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் அருகில் நிற்க முடிந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, புது ஷாக்கை மாட்டுவதற்கு முன்பு நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுமையாக அமுக்கி இழுக்க வேண்டும். பெட்டியில் படுத்துக் கிடந்தபோது உள்ளே இடம் மாறிய வாயு அப்போதுதான் தன் இடத்துக்குப் போகும். இரண்டாவது, மேல் நட்டை இறுக்கும்போது பிஸ்டன் தண்டைப் பிளையரால் கவ்விப் பிடிக்கக் கூடாது. அந்தத் தண்டின் பளபளப்பில் விழும் ஒரு கீறல் சீலை அறுத்து, ஆயிலைக் கசியவிடும். மூன்றாவதை நம் ஊரில் பலர் செய்வதே இல்லை: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் காற்றில் தொங்கும்போது முழுமையாக இறுக்கக் கூடாது, வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய நிலையில்தான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிற்கும்போதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

வண்டியை உயர்த்துவதற்கு ஸ்பேசர் (இடையில் செருகும் கட்டை) வைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணமும், கேம்பர் எனும் சக்கரத்தின் சாய்வும் மாறிவிடும்.

மீஞ்சூர் தினப்பயணி:

நானும் அதே சாலையில் எதிர்த்திசையில் தினமும் மணலி வரை ஓட்டுகிறவள் என்பதால் ஒன்றே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தயவுசெய்து 17 அங்குலத்துக்குப் போகாதீர்கள். நான் வேறொரு எஸ்.யூ.வி. வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, நிறுவனம் கொடுத்ததைவிடப் பெரிய அலாயும் ஒல்லியான பக்கச்சுவர் கொண்ட டயரும் மாட்டினேன். நாப்பாளையம் அருகே மழைத்தண்ணீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. அப்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை என் மகள்தான் "அம்மா, டயர்ல எலுமிச்சம்பழம் மாதிரி ஏதோ புடைச்சிருக்கு" என்று காட்டினாள். பக்கச்சுவரின் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து காற்று வெளித்தள்ளியிருந்தது. அந்த டயரோடு முந்தைய மாலை நெடுஞ்சாலையிலும் சென்று வந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

புடைப்புக்கு ஒட்டுவேலை கிடையாது. டயரைத் தூக்கி எறியத்தான் வேண்டும். அலாயின் உள்விளிம்பும் நெளிந்திருந்தது. வாங்கிய கடையில், அது சாலையின் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன்.

ஒற்றியூர் பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் செலவிட்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

முன்டயர்கள்: உள்விளிம்பு 2 மி.மீ., நடு 3.5 மி.மீ., வெளி 4 மி.மீ. குறுக்கே தடவினால் அண்ணன் சொன்ன மீன் செதில் அப்படியே கையில் தட்டுப்படுகிறது. பின்டயர்கள்: மூன்று இடங்களிலும் ஏறக்குறைய 4 மி.மீ., ஆனால் சுற்றுப்பாதையில் குழிகள் இருக்கின்றன. குழிக்குள் அளந்தால் 3.5 மி.மீ.க்குச் சற்றுக் குறைகிறது. இடது பின்டயரில் குழிகள் கூடுதல் ஆழம். நான்கு டயர்களிலும் 4122 என்று இருக்கிறது. ரீங்காரம் வளைவுகளில் மாறவில்லை. மீஞ்சூர் மேம்பாலத்தின் சிமெண்ட் பரப்பில் மட்டும் குரல் மாறியது. இடது பின் ஷாக்கின் உடல் முழுவதும் ஆயிலில் புழுதி ஒட்டிக் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறது. வலதில் லேசான ஈரம் மட்டும்.

என் சிக்கல் இதுதான்: நான்கு ஷாக்கும் மவுண்ட் வகையறாவும் மாற்றினால், மீதியுள்ள தொகையில் நல்ல டயர் இரண்டுதான் வாங்க முடியும். என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை டயர்க்காரர்:

அளவுகளைப் பார்த்ததும் என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன் சார். மாதவரம்காரர் சொன்னதே சரி, ஷாக் நான்கையும் போடுங்கள். டயர் இரண்டு போதும். ஆனால் எந்த இரண்டை எங்கே மாட்டுவது என்பதில் கவனம் வேண்டும்.

4122 என்றால் 2022ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்தது. ரப்பருக்கு இன்னும் வயதாகவில்லை. முன்டயர்களின் உள்விளிம்பு 2 மி.மீ.க்கு வந்துவிட்டது, சட்டம் அனுமதிக்கும் எல்லை 1.6 மி.மீ. ஆனாலும் 3 மி.மீ.க்குக் கீழே போன டயரை நான் மழைக்காலத்துக்கு யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பள்ளத்தின் வழியே வெளியேற வேண்டிய தண்ணீர் வெளியேறாமல் டயரையே தூக்கிவிடும். ஆகவே அந்த இரண்டையும் கழித்துவிடுங்கள். இப்போது பின்னால் உள்ள இரண்டையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். புதிய இரண்டையும் பின்னால் மாட்டுங்கள்.

புது டயரை முன்னால் போடச் சொல்லிப் பலர் வாதிடுவார்கள். ஈரச் சாலையில் முன்டயர் பிடி இழந்தால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின்டயர் பிடி இழந்தால் வண்டியின் வால் வெளியே வீசும்; 90 கி.மீ. வேகத்தில் அதைச் சமாளிப்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம். அதனால்தான் முன்சக்கர இயக்கமாக இருந்தாலும் நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும் என்கிறோம். குழி விழுந்த பழைய பின்டயர்கள் முன்னுக்கு வந்ததும் இழுவையிலும் திருப்பத்திலும் தேய்ந்து, மேடுகள் ஓரளவு மழுங்கும். முதல் சில வாரங்கள் சத்தம் முன்னாலிருந்து வரும். ஸ்டியரிங்கிலும் சிறு நடுக்கம் தெரியலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்த ஆண்டு அவற்றுக்குப் பதிலாக இதே மாடலில் இரண்டு வாங்கிக்கொள்ளலாம்.

டயரின் வகை: ஹைவே டெரெய்ன், அதாவது ஹெச்.டி. என்று சொல்வதையே வாங்குங்கள். ஆல் டெரெய்ன் டயரின் பெரிய கட்டைகள் சேற்றுக்கும் கல்லுக்கும் ஏற்றவை. உங்கள் வழியில் சேறு இல்லை, உடைந்த தார்தான் இருக்கிறது. அந்தக் கட்டைகள் நெடுஞ்சாலையில் இரையும், டீசலைக் கூடுதலாகக் கேட்கும், நனைந்த தாரில் பிரேக் தூரமும் பொதுவாகக் கூடும்.

அளவு 215/65 ஆர் 16 என்பதை மாற்றாதீர்கள். 215/65 என்றால் பக்கச்சுவரின் உயரம் 215 மி.மீ. அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 140 மி.மீ. 17 அங்குலத்தில் 215/60 போட்டால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் பக்கச்சுவர் 129 மி.மீ. ஆகிவிடும். அந்தச் சகோதரி பட்ட அவதிக்கு இந்த ஒரு சென்டிமீட்டர் மெத்தை குறைவதுதான் தொடக்கம். மாறாக, 215/70 போட்டு உயர்த்தினால் டயரின் விட்டம் 3 விழுக்காடு கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். 98 என்ற எடைக் குறியீடு ஒரு டயருக்கு 750 கிலோ; ஹெச் என்பது 210 கி.மீ. வேகம் வரை. நால்வர் ஏறினாலும் இது தாராளம். இவ்விரண்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில் பிறந்தது என்பதால் நம் பக்கத்தில் அந்தப் பெயருக்குத் தனிப் பாசம் உண்டு. என் தந்தைக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது. ஆனால் டயர் வாங்கும்போது பாசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே உள்ள மாடல்களை ஒப்பிட வேண்டும். நீண்ட நாள் உழைப்பதற்கென்று செய்த ரப்பர் சற்றுக் கடினமாக இருக்கும். ஈரப் பிடிக்கும் அமைதிக்கும் செய்த ரப்பர் மென்மையாக இருக்கும், சற்று முன்னதாகத் தேயும். ஆண்டுக்கு 23,000 கி.மீ. ஓடும் உங்களுக்கு உழைப்பும் வேண்டும் என்பது உண்மை; இருந்தாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, விடியற்காலையில், கண்டெய்னர் லாரி வாரியடிக்கும் தண்ணீருக்கு நடுவே நான்கு உயிர்கள் போகும் வண்டி அது. நானாக இருந்தால் ஈரப் பிடிக்கே முதலிடம் கொடுப்பேன். ஐந்தாயிரம் கிலோமீட்டர் முன்னதாகத் தேய்ந்தால் தேயட்டும்.

கடையில் டயரை வெளியே எடுத்ததும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேதி எண்ணையும் நீங்களே பாருங்கள். இரண்டும் ஒரே மாதத்தில் செய்தவையாக இருந்தால் நல்லது. ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள். பக்கச்சுவரில் 'அவுட்சைடு' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். பழைய வால்வை விட்டுவிட்டு மாட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மாதவரம் பட்டறை:

பழைய பின்டயரை முன்னுக்குக் கொண்டுவரும் யோசனை எனக்கும் உடன்பாடே. இரண்டு சேர்க்கைகள் மட்டும்.

பின் ஷாக் ஒன்றில்தான் கசிவு என்பதால் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று யாராவது கேட்டால், கூடாது. ஒரே அச்சில் இரண்டு விதமாக அடங்கும் சக்கரங்கள் இருந்தால், மேடுபள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் ஓடும். எப்போதும் இணையாகவே மாற்ற வேண்டும்.

அடுத்து, அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வதை) எல்லா வேலைக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே பழைய கோணம் போய்விடும். ஷாக், புஷ், டயர், பேலன்சிங் எல்லாம் முடிந்து, கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் காற்றழுத்தத்தை நிரப்பிய பிறகுதான் வண்டி அலைன்மென்ட் மேடையில் ஏற வேண்டும். உங்கள் வண்டியில் முன்பக்கம் டோ அளவைச் சரிசெய்யலாம். பின்பக்கம் ஒரே உருக்கு அச்சு என்பதால் அங்கே திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் பின்சக்கர அளவுகளையும் எடுத்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். எண்கள் எல்லைக்கு வெளியே போயிருந்தால் அச்சு நெளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒற்றியூர் பயணி:

வேலையை முடித்துவிட்டேன் ஐயா. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பட்டறையில் வண்டியை விட்டு, மாலை ஆறு மணி வரை உடன் இருந்தேன். மன்னிக்க வேண்டும், ஒரு நாள் முழுவதும் அவர்களைக் கேள்வி கேட்டே களைப்படையச் செய்துவிட்டேன்.

பழைய இடது பின் ஷாக்கை மெக்கானிக் என் கையில் கொடுத்து, தரையில் ஊன்றி அமுக்கச் சொன்னார். ஒரு விரல் அகலத்துக்கு எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்கியது. பிறகு சிறிது தடுத்தது. முழுவதும் இறங்கியபின் அப்படியே கிடந்தது. புதியதை அமுக்கியபோது என் முழு எடையையும் போட வேண்டியிருந்தது; கையை எடுத்ததும் தண்டு மெதுவாக, நிறுத்தாமல், தானாகவே மேலே எழுந்து வந்தது. இத்தனை நாள் எதன்மேல் உட்கார்ந்து 90 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

வண்டியோடு வந்த அளவீட்டிலேயே இரட்டைக்குழாய் ஷாக் நான்கு, மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசு உறை எல்லாம் புதிது. வலது முன் ஸ்பிரிங் தட்டில் துரு இருந்தது. சுரண்டி, பெயிண்ட் அடித்துப் போட்டார்கள். ஸ்பிரிங்குகள் முழுமையாக இருக்கின்றன. இடது லோயர் ஆர்மின் பின் புஷ் கிழிந்திருந்தது. இடப்பக்கம் இழுத்ததற்கும் உள்விளிம்பு தேய்ந்ததற்கும் அதுவும் ஒரு காரணம் என்றார்கள். அதையும் மாற்றினேன். போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்கும்படி கேட்டேன். மெக்கானிக் மறுப்பின்றிச் செய்தார். ஈரப் பிடிக்குப் பெயர்பெற்ற ஹெச்.டி. வகை டயர் இரண்டைப் பின்னால் மாட்டினேன். எல்லாம் சேர்த்து என் வரம்புக்குள் முடிந்தது.

திங்கள்கிழமை காலை நால்வருமாகப் புறப்பட்டோம். புது டயரின் மேற்பூச்சு போகும் வரை நிதானமாக ஓட்டுமாறு கடையில் சொல்லியிருந்ததால் 80ஐத் தாண்டவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தின் இணைப்பைக் கடந்தபோது ஒரே ஒரு 'தட்' மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பின் இருக்கையில் எப்போதும் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு வருபவர் அன்று கவரைப்பேட்டை தாண்டும் வரை தூங்கிக்கொண்டே வந்தார். முன்னாலிருந்து ரீங்காரம் வருகிறது, அண்ணன் சொன்னபடியே.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இனி டயரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுவது? முன்னும் பின்னும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும்போது மாற்றலாமா?

தண்டையார்பேட்டை டயர்க்காரர்:

இப்போது மாற்ற வேண்டாம் சார். ஆழம் கூடுதலாக உள்ளவை பின்னாலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு முன்னால் உள்ள பழையவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்கும்போது, அப்போது பின்னால் இருப்பவை முன்னுக்கும், புதியவை பின்னுக்கும் போகும். நான்கின் ஆழமும் ஏறக்குறைய ஒத்து வந்த பிறகு 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். அதுவரை மாதம் இருமுறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை வேளையில், காற்றழுத்தம் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்செட்டியில் பஞ்சரான பிறகு அதில் காற்று இல்லை என்று தெரிந்து என்னை அழைத்தவர்கள் பலர். டி.பி.பி. சாலையில் லாரிகளிலிருந்து விழும் கம்பித்துண்டுகள் அதிகம் என்பதால், வாரம் ஒருமுறை நான்கு டயரின் பள்ளங்களையும் கண்ணால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஒற்றியூர் பயணி:

இன்று மாலையே ஸ்டெப்னியைப் பார்த்தேன் அண்ணா. 14 பி.எஸ்.ஐ. தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நிரப்பிக்கொண்டேன்.